திங்கட்கிழமை வந்த சிஸ்டர்

செய்தி எனக்குப் பேருந்துப் படியிலிருந்து வந்தது. திண்டிவனம் பேருந்து நிலையத்தில் விழுப்புரம் வண்டி வந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் இருபத்தைந்து வருடமாக அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கிறேன். அன்று காலை முதல் குண்டானை இறக்கி வடித்துக்கொண்டிருந்தேன். வண்டி நிற்பதற்கு முன்பே கண்டக்டர் தலையை நீட்டினார். "ஆயா, நம்ம மேரி சிஸ்டர் தவறிட்டாங்க. விழுப்புரத்துல பேனர் வச்சிக்கீறாங்க, இப்பதான் பார்த்துக்கினு வர்றேன்."

"இன்னா ஒடம்புக்கு?" என்றேன். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கேள்வி. இப்படிக் கேட்பது சிஸ்டரிடமிருந்து எனக்குத் தொற்றிய வியாதி.

"நெஞ்சு வலின்னு பேசிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு அவர் விசில் ஊதிக்கொண்டே போய்விட்டார். வடித்த தண்ணீர் என் காலில் கொட்டியதுகூடத் தெரியாமல் நின்றேன். ஊருக்கே நெஞ்சைப் பற்றிச் சொன்னவர் நெஞ்சு வலியில் போனாரா?

ஆரோக்கியமேரி சிஸ்டரைத் தெரிந்தவர்கள்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள். முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறோம், நீங்களும் எழுதுங்கள் என்று அவர் தங்கை லூர்து கேட்டார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன். ஆனால் எனக்கு எதுவும் மறக்காது, அதை மட்டும் தைரியமாகச் சொல்வேன். அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, வியாழக்கிழமை தோறும் டைம் கீப்பர் அறைக்குப் பக்கத்து சிமெண்டு பெஞ்சில் அவர் உட்கார்ந்து, டிரைவர், கண்டக்டர், பழக்காரி, பூக்காரி என்று எல்லோருக்கும் பிரஷர் பார்த்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் பையில் மெஷின் இருக்கும். தங்கையோடு இருக்க விழுப்புரம் போன பிறகும் வியாழக்கிழமை வண்டியைத் தவறவிடவில்லை.

சாவுச் செய்தி வந்த அன்று மத்தியானமே என் நாத்தனார் கண்டாச்சிபுரத்திலிருந்து போன் செய்தாள். எங்கள் வீட்டில் போனைக் காதில் வைத்துப் பேசுகிற பழக்கம் போய்விட்டது, ஸ்பீக்கரில்தான் எல்லாம். "கேட்டீங்களா அண்ணி? உப்பு துன்னாத, ஊறுகா துன்னாதன்னு ஊரையே மெரட்டிக்கினு இருந்தவ, கடைசில அவளே மாரடைச்சுப் பூட்டாளாமே!" என்று சிரித்தாள். செத்தவர் வீட்டில் இன்னும் அடக்கம்கூட ஆகவில்லை, இவள் சிரிக்கிறாள். அதை நான் மறக்கப்போவதில்லை.

ஆனால் அந்தச் சிரிப்பை விடப் பெரிய கெடுதல் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. என் மகன் ஏழுமலைக்கு நாற்பத்தொன்பது வயது, குட்டி லாரி ஓட்டுகிறான். அவன் அப்பா ஐம்பத்து மூன்றில் போனார். பிரஷருக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று என்று இரண்டு மாத்திரை சிஸ்டர் சொல்லித்தான் மருத்துவமனையில் வாங்கிச் சாப்பிட்டு வந்தான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவினான். மருமகள் செல்வி மாத்திரை அட்டையை நீட்டினாள். "வுடு செல்வி. சிஸ்டரே பூட்டாங்க. இத்த முழுங்கி இன்னா ஆவப்போவுது?" என்று அட்டையை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனான். மறுநாள் காலையும் எடுக்கவில்லை.

நான் விழுப்புரம் போனது மாலை போட மட்டும் அல்ல. சிஸ்டர் எப்படிச் செத்தார், ஏன் செத்தார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து இவனுக்குப் பதில் சொல்லவும்தான். பதில் கிடைக்காவிட்டால் என் பிள்ளையை இழப்பேன் என்று எனக்குத் தெரிந்தது.

அதைச் சொல்வதற்கு முன் எனக்கும் சிஸ்டருக்கும் இருந்த பகையைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். மல்லாட்டை மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கி லாரியில் போடுவார். ஒரு நாள் காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து, தாடை வலிக்கிறது, இடது தோளில் மூட்டை வைத்த மாதிரி இருக்கிறது என்றார். சட்டை பிழிந்தெடுக்கிற மாதிரி வேர்த்திருந்தது. இவ்வளவு பலமான ஆளுக்கு நெஞ்சில் என்ன வரப்போகிறது, காலையில் பழைய சோற்றுக்கு மசால் வடை தின்றார், வாயுதான் என்று நினைத்தேன். சோடா வாங்கிக் கொடுத்தேன். ஏப்பம் வந்தது. ஏப்பம் வந்ததும் சரியாகிவிடும் என்று இருவரும் காத்திருந்தோம். மறுபடி ஒரு சோடா. சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனபோது மணி ஒன்று. சிஸ்டர் நாடியைப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "வேர்த்துக் கொட்டின ஒடனே ஏம்மா கூட்டிக்கினு வரல? மூணு மணி நேரம் இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?" என்று கேட்டார்.

என் நாத்தனார் பக்கத்தில் நின்றாள். அந்த ஒரு கேள்வியை அவள் பிடித்துக்கொண்டாள். எங்க அண்ணனுக்கு சோடா ஊத்தியே கொன்னுட்டா என்று பதினாறாம் நாள் வரை சொன்னாள். இன்றும் சண்டை வந்தால் சொல்வாள். ஆகவே நான் சிஸ்டரை மன்னிக்கவில்லை. எதிரில் வந்தால் அடுத்த தெருவுக்குத் திரும்பினேன். பதினைந்து வருடம்.

அந்த ஆள் ஓய்வு பெற்று வந்து என் அடுப்புக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? நான் எங்கே திரும்புவது? மூன்று வியாழன் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நான்காவது வியாழன் அவரே எழுந்து வந்து, "அஞ்சலம்மா, ஒரே ஒரு தடவ கைய நீட்டுங்க. பேச வேணாம். கை பேசினா போதும்" என்றார். எனக்கே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசையாக இருந்தது. நீட்டினேன். மெஷின் நூற்று எழுபதுக்கு மேல் காட்டியது. எனக்கு ஒன்றுமே செய்யவில்லையே, தலை சுற்றவில்லையே, படபடப்பு இல்லையே என்றேன். "அதான் இதோட வேலை. சத்தம் போடாம வேல செய்யும்" என்றார்.

மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள். இங்கேதான் நான் ஒரு வேலை செய்தேன். இவளிடம் தோற்கக்கூடாது என்று செவ்வாய், புதன், வியாழன் மட்டும் மாத்திரை சாப்பிட்டேன். அந்த மூன்று நாள் ஊறுகாய் கிடையாது, கருவாடு கிடையாது. வியாழன் கையை நீட்டினால் மெஷின் நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். சிஸ்டர் பாராட்டுவார். வெள்ளிக்கிழமை காலை மறுபடி கேப்பைக் கூழ், மோர் மிளகாய், மீன்காரி மரக்காணத்தம்மா கொண்டுவரும் கருவாடு. மாத்திரைக்கு விடுமுறை. மூன்று மாதம் இப்படி ஏமாற்றினேன். என்னைப் போல இந்த பஸ் ஸ்டாண்டில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும்.

ஒரு திங்கட்கிழமை, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், மஞ்சள் பையோடு சிஸ்டர் வந்து நின்றார். "சர்ச்சுக்கு வந்தேன், அப்படியே வந்தேன்" என்றார். அது பொய் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. நான் கை நீட்ட மாட்டேன் என்றேன். "சரி, மாத்திரை அட்டைய காட்டுங்க" என்றார். காட்டினேன். பாதி கூட காலியாகவில்லை. சிஸ்டர் கோபப்படவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அஞ்சலம்மா, நீங்க எனக்குப் பரீட்ச எழுதிக்கினு கீறீங்க. எனக்கு எழுதி இன்னா பிரயோஜனம்? மார்க் போடறது நான் இல்ல."

அன்றிலிருந்துதான் நான் தினமும் சாப்பிடுகிறேன். அன்றிலிருந்துதான் பேசவும் ஆரம்பித்தேன். ஆனால் பழைய கேள்வியைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

தினமும் மாத்திரை சாப்பிட்டும் பிரஷர் அவர் நினைத்த அளவுக்கு இறங்கவில்லை. இது எங்கேயிருந்து வருகிறது என்று சிஸ்டருக்கு ஆராய்ச்சி. உப்பா என்றார். நான் சத்தியம் செய்தேன், கருவாட்டை விட்டாச்சு, ஊறுகாய் ஜாடியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாச்சு. "அப்ப வேற எங்கயோ ஓட்ட கீது" என்று சொல்லி என் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அன்று காலை முழுவதும் ஒன்றும் பேசவில்லை. அவர் முந்தானையில் மட்டும் மல்லாட்டை ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. திருடித் தின்கிறார் என்று நினைத்தேன். பன்னிரண்டு மணிக்கு முந்தானையை விரித்து என் முன்னால் எண்ணினார். பத்தொன்பது.

"இது இன்னா?"

"காத்தாலேந்து நீங்க கரண்டில அந்தத் தண்ணியத் தொட்டு நாக்குல வச்சீங்க இல்ல, அந்தக் கணக்கு."

அவித்த மல்லாட்டை விற்கிறவர்களுக்கு இது தெரியும். உப்பு ஏறிவிட்டதா என்று தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க உப்பு கூடும், தண்ணீர் சேர்த்தால் குறையும். ஒரு வாய், இன்னொரு வாய். கை தானாகப் போகும். நான் சாப்பிட்டதாக எனக்கே தெரியாது. அந்தத் தண்ணீர் கடல் தண்ணீர். பதினைந்து வருடத்துக்கு மேல் குடித்திருக்கிறேன்.

"வேற எப்படி சிஸ்டர் உப்புப் பாக்கறது?" என்றேன். அவருக்கும் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல அவர் வெட்கப்பட மாட்டார், அது எனக்குப் பிடிக்கும். இருவரும் யோசித்தோம். நான் எப்போதும் கல்லுப்பைக் கைப்பிடியால் அள்ளிப் போடுவேன். அடுத்த வாரம் ஒரு டம்ளர் வைத்து அளந்தோம். இத்தனை படி மல்லாட்டைக்கு இத்தனை குடம் தண்ணீர், இத்தனை டம்ளர் உப்பு. அளந்துவிட்டால் நாக்குக்கு வேலை இல்லை. பிறகு அந்த டம்ளரையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னார். ஒரே நாளில் குறைத்தபோது ஒரு டிரைவர், "இன்னா ஆயா, மல்லாட்ட சப்புன்னு கீது, உப்புக்கு ஸ்ட்ரைக்கா?" என்று கேட்டுவிட்டார். வாரத்துக்கு ஒரு விரல் குறைத்தபோது யாரும் கேட்கவில்லை. "நாக்குக்குச் சொல்லாம கொறைக்கணும் அஞ்சலம்மா. அது கண்டுபிடிச்சா சண்டைக்கு வரும்" என்பார் சிஸ்டர்.

வீட்டு உப்புக்கு வேறு வழி சொன்னார். புது பாக்கெட் பிரிக்கும்போது அதன் மேல் பேனாவால் அன்றைய தேதியை எழுதி வைக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் மூன்று பேர். முதல் பாக்கெட் ஒரு மாதம் கூட வரவில்லை. "மூணு பேருக்கு ஒரு கிலோ ரெண்டு மாசமாவது வரணுமே" என்றார். எங்கே போகிறது என்று நானும் செல்வியும் திருடனைத் தேடுகிற மாதிரி தேடினோம். சோறு கொதிக்கும்போது ஒரு கை. அந்தக் கஞ்சியைக் குடிக்கும்போது இன்னொரு சிட்டிகை. மோருக்கு. நறுக்கிய மாங்காய்க்கு. சாப்பிட உட்கார்ந்ததும் தட்டு ஓரத்தில் வைக்கிற உப்பு. அதைத் தொடுகிறவன் ஏழுமலை. சுவைத்துப் பார்க்காமலே தொடுவான், அவன் அப்பாவைப் போலவே.

அப்படித்தான் சிஸ்டரின் கவனம் என்னிடமிருந்து என் பிள்ளை மேல் திரும்பியது. ஒரு வியாழன் அவனைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தார்.

"அப்பா எந்த வயசுல போனாரு?"

"அம்பத்து மூணு."

"சிகரெட்டு?"

"எப்பனா ஒண்ணு ரெண்டு சிஸ்டர்."

"ஒண்ணு ரெண்டு பாக்கெட்டா?"

சுற்றி நின்ற டிரைவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டான். "வண்டி நாள் பூரா ஓடுது ஏழுமல. நீ எப்ப ஓடுவ?" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தி, எனக்கும் கேட்கும்படி சொன்னார்: "அப்பா குடுத்தத மாத்த முடியாது. அது உன் ரத்தத்துல கீது. பொகை, உப்பு, உக்காந்தே கெடக்கறது, பிரஷரு, கொழுப்பு இதெல்லாம் நீ சேத்துக்கினது. சேத்துக்கினத எறக்கி வைக்கலாம். மூட்ட தூக்கறவர் புள்ளைக்கு நான் சொல்லணுமா?"

சிகரெட்டை விட அவனுக்கு ஒரு வருடம் ஆயிற்று. இரண்டு தடவை விட்டுவிட்டுத் திரும்பப் பிடித்தான். மூன்றாவது தடவை நின்றது. வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்து வரத் தொடங்கினான். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அட்டையை ஜன்னலில் வைத்த அன்று வரை.

விழுப்புரத்தில் அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு லூர்துவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். துக்க வீட்டில் இப்படிக் கேட்கக்கூடாது என்று தெரியும். ஆனாலும் கேட்டேன். என் பிள்ளை கதையையும் சொன்னேன். லூர்து கோபித்துக்கொள்ளவில்லை. "எங்க அக்காவும் இப்படித்தான் எழவு வீட்டுல ஒக்காந்துகினு, எப்பலேந்து வலி, எங்க வலின்னு கேப்பா" என்றார்.

பிறகு சொன்னார். காலையில் துணி மடித்துக்கொண்டிருந்த சிஸ்டர் அப்படியே உட்கார்ந்து, "லூர்து, இது கேஸ் இல்ல. ஆம்புலன்சு கூப்பிடு. சோடா கீடா குடுத்துடாத" என்றாராம். அரை மணி நேரத்தில் மருத்துவமனையில் இருந்தார். இரண்டு நாள் இருந்தார். மூன்றாம் நாள் காலை முடிந்தது.

"எல்லாஞ் சரியா பண்ணாங்களே. அப்புறம் ஏன்?" என்றேன்.

லூர்து விரலை மடக்கினார். "எங்க அப்பா நாப்பத்தாறுல இதே நோவுல போனாரு. பெரியண்ணன் நாப்பத்தெட்டு. சின்ன அண்ணன் அம்பது. எங்க குடும்பத்துக்கே நெஞ்சு சரி கெடையாது. அக்காவுக்கு அறுபத்தெட்டு. நாப்பத்தாறு முடிஞ்ச அன்னைக்கு கேக் வாங்கியாந்தா. இனிமே எல்லாம் ஆண்டவர் குடுக்கற எக்ஸ்ட்ரான்னு சொன்னா."

எனக்கு உள்ளே ஏதோ திறந்தது. இன்னொன்றையும் கேட்டேன். சோடாவைப் பற்றி ஏன் அப்படிச் சொன்னார் என்று. லூர்து சொன்னார். "அப்பாவுக்கு வலி வந்தப்ப அக்கா நர்சு ட்ரெயினிங்குல இருந்தா, லீவுக்கு வந்திருந்தா. வாயுன்னு நெனச்சி அவதான் சோடா ஒடச்சிக் குடுத்தா. படிக்கறவ, அவளுக்கே தெரியல. நாலு மணி நேரம் வீட்லயே வச்சிக்கினு இருந்தோம்."

திரும்பி வரும் பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தேன். வேர்த்துக் கொட்டியதும் ஏன் கூட்டி வரவில்லை என்று அன்றைக்கு அவர் கேட்டது என்னை மட்டும் அல்ல. அவர் தன்னையே கேட்டுக்கொண்டிருந்ததற்கு நடுவே நான் போய் நின்றிருக்கிறேன். இருபத்தைந்து வருடம் சுமந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டிவனம் வரை கையில் வைத்துக்கொண்டே வந்தேன்.

ஏழுமலை சாப்பிட வந்தான். நான் பீடிகை போடவில்லை. நாற்பத்தாறு, நாற்பத்தெட்டு, ஐம்பது, அறுபத்தெட்டு என்று சொன்னேன். யார் யார் என்றும் சொன்னேன். சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"எல்லாம் பண்ணியும் அதே நோவுலதானேமா போனாங்க?"

"ஆமா. அதே நோவுதான். அவங்க அப்பனாட்டம் போயிருந்தா எத்தினி வருசம் முன்னாலேயே போயிருக்கணும்? நீயே சொல்லு."

கணக்குப் போட்டான். "இருபத்திரண்டு."

"அந்த இருபத்திரண்டுலதான்டா எனக்கும் உனக்கும் பிரஷர் பாத்தாங்க."

அவன் தட்டு ஓரத்து உப்பைப் பார்த்தான், தொடவில்லை. எழுந்து கை கழுவினான். நான் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. பார்த்தால் எனக்குப் பரீட்சை எழுதுவான்.

நான்கு நாள் கழித்து, திங்கட்கிழமை, அவன் லோடு ஏற்றப் போயிருந்த நேரத்தில் ஜன்னலுக்குப் போனேன். இரண்டு அட்டையிலும் ஒவ்வொரு குழியாக விரலால் தடவிப் பார்த்தேன். நாளுக்கு ஒன்றாகக் காலியாகியிருந்தது.

நாத்தனாருக்குப் போன் போட்டேன், ஸ்பீக்கரில்தான். சிஸ்டர் சாவைப் பற்றி அவள் சிரித்ததை நான் மறக்கவில்லை என்று சொன்னேன். பிறகு, நீயும் உன் அண்ணன் ரத்தம்தானே, எப்போது பிரஷர் பார்த்தாய் என்று கேட்டேன். வியாழக்கிழமை வரச் சொன்னேன், மருத்துவமனைக்கு நானே கூட்டிப்போகிறேன் என்றேன். வராவிட்டால் திங்கட்கிழமை நானே கண்டாச்சிபுரம் வருவேன் என்றும் சொன்னேன்.

சிஸ்டரிடமிருந்து என்னிடம் இருப்பவை இவை. உப்பு அளக்கிற டம்ளர். பாக்கெட் மேல் எழுதுகிற தேதி. இப்போதைய பாக்கெட் ஒன்றரை மாதம் தாண்டிவிட்டது, இன்னும் அடியில் இருக்கிறது. எந்தச் செய்தி வந்தாலும் எப்போது, எங்கே, ஏன் என்று கேட்கிற வாய். கோபமும் ஒன்று இருக்கிறது. பழையது இல்லை, அதை விழுப்புரம் வண்டியிலேயே விட்டுவிட்டேன். இது புதுசு. பத்து வருடம் என் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்திருந்தீர்களே சிஸ்டர், நானும் சோடாதான் கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருப்போம். இதை நான் சும்மா விடமாட்டேன். அங்கே வந்து கேட்பேன். அவசரம் இல்லை, மாத்திரையைத் தினமும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.